லேசரில் துளி மிதக்கும் பெட்டி: வாங்கலாமா?

லேசர் ஒளியில் சிறு துளியை மிதக்கவிடும் இந்தப் பரிசோதனைப் பெட்டியின் உறையில் ‘அத்தோநியூற்றன் விசைமானி’, அதாவது மிக மிகச் சிறிய விசையை அளக்கும் கருவி, என்று அடித்திருக்கிறார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். இது காற்றில் வேலை செய்யும் கருவி. 20 மைக்கிரோமீற்றர் துளியொன்றில் காற்று மூலக்கூறுகள் வந்து மோதுவதே, ஒரு விநாடி அளந்தால், ஏறத்தாழ 7.5 ஃபெம்தோநியூற்றன் இரைச்சல், அதாவது அளவீட்டைக் குழப்பும் தற்செயல் ஆட்டம். ஒரு ஃபெம்தோநியூற்றன் என்பது நியூற்றனில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு; அத்தோ அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2016இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தார் 300 நனோமீற்றர் சிலிக்கா மணியை வைத்து அத்தோவுக்கும் கீழே போனார்கள், ஆனால் உயர் வெற்றிடத்தில். இந்தப் பெட்டியில் பம்பியே கிடையாது.

ஆனால் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு இலத்திரனின் மின்னேற்றத்தை அளந்த மில்லிக்கன் பரிசோதனையைக் கண்முன்னே காட்ட நல்ல சாமான். 532 நனோமீற்றர், 2 வாற்று பச்சை லேசர் கீழேயிருந்து மேலே போகிறது. கிளிசரின் துளி அதன்மேல் பொட்டுப்போல நிற்கும். 10 மில்லிமீற்றர் இடைவெளித் தட்டுகளுக்கு 1000 வோல்ற்று கொடுத்தால், ஓர் இலத்திரன் கூடினாலோ குறைந்தாலோ விசை 16 ஃபெம்தோநியூற்றன் மாறும். 100 விநாடி சராசரி எடுத்தால் இரைச்சல் 0.75க்கு இறங்கிவிடும், ஒவ்வோர் இலத்திரனுக்குமான விசைப் படி தெளிவாகத் தெரியும். நேரோட்ட வோல்ற்றளவு மட்டும் கொடுக்காதீர்கள்: துளி காய்ந்து இடம் நகருவதும் விசையும் ஒன்றாகக் கலந்துவிடும். 20 ஹேர்ட்ஸ் ஆடல் வோல்ற்றளவு கொடுத்து, அந்த மீடிறனில் வரும் அசைவை மட்டும் பிரித்தெடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பெரிய தலையிடி ஈரப்பதன். கிளிசரின் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மாரியில் துளி பருத்துப் பாரமாகி, அதே லேசர் வலுவில் கீழே இறங்கிவிடும். ஏசி அறையில் சரியாக நின்றது யன்னலைத் திறந்ததும் மாறும். சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறினால் இந்தக் கரைச்சல் இல்லை. சோளகக் காலத்தில் பெட்டியின் மூடி மட்டும் போதாது, கீழ்விளிம்பு இடுக்கையும் நாடாவால் அடைக்க வேண்டும். ஃபானைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

துளிவிடும் குழாய்தான் மோசமான பாகம். கிணற்றுத் தண்ணீரால் ஒருதரம் கழுவினாலே போதும், சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீரை 0.2 மைக்கிரோமீற்றர் வடியில் விட்டு, வேலை முடிந்த கையோடு கழுவுங்கள். அடுத்த நாளுக்கு விட்டால் அடைப்பு எடுபடாது.

பெட்டிக்குள் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. துளி பிடிக்க இரண்டுபேர் வேண்டும். 532 நனோமீற்றருக்கு உரிய இன்னொன்றை வாங்கும்வரை லேசரைப் போடாதீர்கள். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது.