சோனி ஏ6000: ட்ராவலுக்கு முதல் கேமராவா வாங்கி சில வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

ஊர் சுத்தி போட்டோ எடுக்க முதல் கேமரா வாங்கணும், கையில 50,000 தான் இருக்கு, என்ன எடுக்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பழசா இருந்தா பரவால்ல, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவால்ல, அதுல மிச்சமாகற காசை ஒரு நல்ல லென்ஸ்ல போடுங்க. நான் அப்படித்தான் சோனி ஏ6000 எடுத்தேன். 2014-ல வந்த மாடல், 24.3 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (படத்த பதியற சில்லு, போன்ல இருக்கறத விட பெருசு). கேமராவோட சேத்தே வர்ற 16-50 எம்எம் கிட் லென்ஸோட செகண்ட் ஹேண்ட்ல எடுத்துட்டு, மீதி இருந்த காசுல சிக்மா 30 எம்எம் எஃப் 1.4 லென்ஸ், அதுவும் யூஸ் பண்ணதுதான், வாங்கினேன். எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் அகலமா திறந்து நிறைய வெளிச்சம் உள்ள விடும். அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எங்க போனாலும் இந்த செட்டுதான். புதுசா ஒரு என்ட்ரி லெவல் கேமரா எடுத்திருந்தா பட்ஜெட் அதோட முடிஞ்சிருக்கும், அப்புறம் கிட் லென்ஸை மட்டும் வெச்சுக்கிட்டு இருட்டினதும் கேமராவ பைக்குள்ள வெக்க வேண்டியதுதான்.

வெயிட்ட பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பயணத்துல இதுதான் பெரிய விஷயம். பேட்டரி, மெமரி கார்டு சேத்து பாடி 344 கிராம், கிட் லென்ஸ் 116 கிராம், மொத்தமா அரை கிலோ கூட வராது. பஸ்ல மடியில ஒரு சின்ன ஸ்லிங் பேக், அதுக்குள்ள இது இருக்கும், மேல லக்கேஜ் ரேக்ல ஏத்த வேண்டியதில்ல, டீ குடிக்க இறங்கினாலும் கழுத்துல தொங்கும். கனமான கேமரா வெச்சிருக்கறவங்க ரெண்டாவது நாளே அத லாட்ஜ்ல விட்டுட்டு போனோட கிளம்பறத நிறைய தடவை பாத்திருக்கேன்.

கிட் லென்ஸை எல்லாரும் திட்டுவாங்க, ஆனா வெளிச்சம் இருக்கும்போது அது தாராளமா போதும். தஞ்சாவூர் பெரிய கோயில்ல பக்கவாட்டுல இருக்கற திருச்சுத்து மாளிகை (சுத்தி வர்ற தூண் மண்டபம்) ஓரமா நின்னு லென்ஸ 16-ல, அதாவது ரொம்ப அகலமா, வெச்சு கேமராவ நெட்டுக்க பிடிச்சா, 216 அடி விமானம் கலசத்தோட ஃப்ரேமுக்குள்ள வந்துரும். மேல போகப் போக கோடெல்லாம் உள்பக்கமா சாயும்தான், அத டார்க்டேபிள்ல நிமித்திக்கலாம், ஃப்ரீ சாஃப்ட்வேர், சோனி ரா ஃபைலும் (கேமரா மெருகு போடாம பதியற மூலப் படம்) திறக்கும். கோயில் கிழக்கு பாத்தது, அதனால முன்பக்கம் வேணும்னா காலைல போங்க, சாயங்கால வெயில்ல விமானத்தோட மேற்குப் பக்கம் செவந்து நிக்கும், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஊட்டி மலை ரயில்லயும் கிட் லென்ஸ்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டு வரும், அதனால இன்ஜின் புகையோட வளைவுல படம் வேணும்னா முன்பக்கப் பெட்டிதான் நல்லது. வண்டி மெதுவாத்தான் போகும், ஷட்டர் 1/250 செகண்ட் வெச்சா போதும். கை, தலைய வெளிய நீட்டாதீங்க, பாறை அவ்வளவு கிட்டக்க வரும்.

சிக்மா லென்ஸோட அருமை இருட்டினப்புறம்தான் தெரியும். கிட் லென்ஸ் 30 எம்எம்ல எஃப் 4 அளவுக்குக் கூட திறக்காது, இது 1.4, அதாவது எட்டு மடங்குக்கு மேலயே வெளிச்சம் உள்ள வருது. ஊர்த் திருவிழால கரகாட்டம் எடுக்கும்போது ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்) 1600-லயே வேலை முடிஞ்சுடும், கிட் லென்ஸ்னா அதே படத்துக்கு 12800-க்கு மேலயே போகணும், முகமெல்லாம் பொரிப்பொரியா ஆயிடும். ஒரு விஷயம் கவனிங்க, டியூப் லைட் வெளிச்சத்துல ஷட்டர் ரொம்ப வேகமா வெச்சா ஒரு படம் பளிச்சுன்னு இருக்கும், அடுத்தது மஞ்சளா மங்கலா வரும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால லைட் செகண்டுக்கு நூறு தடவை மினுக்குது. அதனால 1/100-ல வெச்சுட்டு, ஆடறவங்க சுத்தி முடிச்சு ஒரு நொடி நிக்கற இடத்துல அழுத்தினா கரகத்துப் பூ முதல் கண்ணு மை வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். இந்த மாதிரி படம்தான் போன்ல வராது. பகல்ல வைட் ஷாட் மட்டும் போதும்னா நல்ல போனே போதும், கேமராவே வேணாம்.

குறைன்னு பாத்தா இருக்கு. பேட்டரி சின்னது, கம்பெனி கணக்குப்படியே 360 படம் வரைக்கும்தான், எக்ஸ்ட்ரா பேட்டரி கட்டாயம் வேணும். ஆனா மைக்ரோ யூஎஸ்பில சார்ஜ் ஆகும், ராத்திரி ஸ்லீப்பர் பெர்த்ல பவர் பேங்க்ல போட்டுட்டு படுத்தா காலைல ஃபுல். டச் ஸ்க்ரீன் கிடையாது, ஸ்க்ரீன் நம்ம பக்கம் திரும்பாது, 4கே இல்ல, மைக் ஜாக் இல்ல, அதனால வ்லாக் பண்றவங்க இந்தப் பக்கமே வராதீங்க. கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசேஷன் பாடில இல்ல, சிக்மாவுலயும் இல்ல, ஷட்டர் 1/60-ஐ விட மெதுவா வெச்சா கை ஆடறது படத்துல தெரியும்.

தூசி, தண்ணிக்கு சீலிங்கும் இல்ல. தனுஷ்கோடி காத்துல மணல் பறக்கும்போது அங்க லென்ஸ் மாத்தவே கூடாது, ரூம்லயே எது வேணுமோ அத மாட்டிட்டு போயிடணும், திரும்பி வந்ததும் லேசா ஈரத் துணியால உப்பத் தொடச்சுட்டு காஞ்ச துணியால ஒருக்கா. வீட்ல காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்டு வெச்சிருக்கேன். சென்னை மாதிரி கடலோர ஊர்ல பீரோக்குள்ள வெச்சா லென்ஸ்ல ஃபங்கஸ் பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கடைலயே இத பாத்துடுங்க: லென்ஸ கழட்டி போன் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க, சிலந்தி வலை மாதிரி கோடு தெரிஞ்சா ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைச்சாலும் வேணாம். எஃப் 16-ல வெள்ளச் சுவர ஒரு படம் எடுத்து பெருசு பண்ணிப் பாத்தா சென்சார் தூசி புள்ளி புள்ளியா தெரியும், அத க்ளீன் பண்ணிக்கலாம், பயப்பட வேணாம். கிட் லென்ஸ் மோட்டார் ஜூம், ஆன் பண்ணி அஞ்சாறு தடவை உள்ள வெளிய போய் வர வைங்க, எங்கயாவது திக்கினா விட்டுடுங்க.

அடுத்து தூரத்துல இருக்கறத கிட்ட காட்டற 55-210 எம்எம் லென்ஸ் ஒண்ணு பழசுல தேடிட்டு இருக்கேன், கோபுரத்து சுதைச் சிற்பம் எடுக்கத்தான். வேடந்தாங்கல்ல பறவை எடுக்கணும்னா 210 பத்தாது, அத மனசுல வெச்சுட்டு வாங்குங்க.