செயற்கைக்கோள் சிக்னலின் ரேடியோ கைரேகை: வகைப்படுத்தியா, தூர ஒப்பீடா?

வந்த சிக்னல் அசலா, போலியா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை, ஏவி முடித்த செயற்கைக்கோளின் சிக்னலில் புதிதாகச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அங்கேதான் ரேடியோ கைரேகை உதவுகிறது. ஆம்ப்ளிஃபயரின் நேர்கோட்டுப் பிசகு, ஐ-கியூ சமனின்மை, ஃபேஸ் இரைச்சல் என்று அனுப்பும் கருவிக்கே உரிய குறைகளை நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்கிறது.

செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவையான இரிடியத்தை எடுத்துக்கொள்வோம். 66 செயற்கைக்கோள்களுக்கு 66 விடை என்று ஒரு வகைப்படுத்தியை (கிளாசிஃபயர்) அமைப்பது சுலபம். பாதுகாப்புக்கு அது ஆகாது. ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் போடும் அதன் கடைசிப் படியான சாஃப்ட்மேக்ஸ் அந்த 66-ல் ஒன்றைச் சொல்லியே தீரும். பயிற்சியில் பார்க்காத போலி டிரான்ஸ்மிட்டருக்கும் உயர்ந்த மதிப்பெண் விழக்கூடும்.

இன்னொரு வழி தூர ஒப்பீடு. இரு சிக்னல்களை ஒப்பிடக் கற்ற சயாமீஸ் நெட்வொர்க், சிக்னலை வெக்டராக, அதாவது எண்களின் வரிசையாகச் சுருக்கி, சேமித்த மாதிரிகளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கிறது. வரம்பு தாண்டினால் நிராகரிப்பு. புதிய செயற்கைக்கோளுக்கு மறுபயிற்சி தேவையில்லை. சில மாதிரிகள் போதும். தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் எதை ஊட்டுகிறோம் என்பதில் கோட்டை விடுவது சகஜம். அழைப்பு வருவதை அறிவிக்க இரிடியம் அனுப்பும் ரிங் அலர்ட் செய்திக்குள்ளேயே செயற்கைக்கோளின் எண் இருக்கிறது. முழுச் செய்தியையும் கொடுத்தால் நெட்வொர்க் கைரேகையை விட்டுவிட்டு அந்த பிட்களைப் படிக்கும். சோதனையில் அசத்தும், எண்ணை மாற்றி எழுதத் தெரிந்தவரிடம் ஏமாறும். எல்லாச் செய்திக்கும் பொதுவான தொடக்கப் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். டாப்ளரையும், அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் வரும் அதிர்வெண் நகர்வையும், கழியுங்கள்: அடிவானத்தருகே அதிர்வெண் சுமார் 36 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும், அதையே அடையாளம் என்று கற்றுவிடும். சோதனைக்கு வேறு நாள், வேறு ரிசீவர், பயிற்சியில் இல்லாத செயற்கைக்கோள் என்று பிரியுங்கள்.

கையொப்பம் இருந்தால் இதெல்லாம் எதற்கு? ஐரோப்பிய வழிசெலுத்தல் அமைப்பான கலிலியோவின் கையொப்பச் சேவை ஓ.எஸ்.என்.எம்.ஏ. வழிசெலுத்தல் தரவைப் போலியாக எழுதவிடாது. ஆனால் அசல் சிக்னலைப் பிடித்து உடனுக்குடன் மறு ஒலிபரப்பினால், கையொப்பம் மட்டும் காப்பாற்றாது. கைரேகை அங்கே கைகொடுக்கும். மறு ஒலிபரப்பும் கருவி தன் குறைகளையும் மேலே பூசிவிடுகிறது. இரண்டும் சேர்ந்திருப்பதே பலம்.

தூர ஒப்பீட்டின் பலவீனம் மாதிரிச் சேமிப்பு. ஏற்றுக்கொண்ட சிக்னல்களைத் தானாக மாதிரியில் சேர்த்தால், தாக்குபவர் வரம்புக்குச் சற்று உள்ளே நிற்கும் போலிகளை விடாமல் அனுப்பி, மாதிரியையே மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடலாம். வேறிடத்து ரிசீவர் ஒன்றும் அதே செய்தியைக் கேட்டிருந்தால் மட்டும் புதுப்பியுங்கள். தூர எண்ணை வெளியே காட்டாதீர்கள். 'ஏற்பு', 'மறுப்பு' போதும். எண் கிடைத்தால் தாக்குபவர் அதைப் பார்த்துப் பார்த்தே சிக்னலைத் திருத்திக்கொள்வார்.