தடைக்காலத்தில் மீன் வாங்க நான்கு வழிகள்: சென்னை உணவகங்களுக்கு எது கட்டுப்படியாகும்?

சென்னையில் மீன் உணவகம் நடத்துபவர்களின் கொள்முதல் கணக்கு ஏப்ரல் 15ஆம் தேதி தலைகீழாகிவிடுகிறது. அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. பைபர் படகுகளும் கட்டுமரங்களும் மட்டுமே தொழிலுக்குப் போகின்றன. சாதாரண வாரங்களில் கிலோ 700, 800 ரூபாய்க்குக் கிடைக்கும் நடுத்தர வஞ்சிரம் 1,200 ரூபாயைத் தாண்டுவது இந்த மாதங்களில்தான். அப்போது உணவகத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஏலம், சிந்தாதிரிப்பேட்டை அல்லது வானகரத்து மொத்த வியாபாரி, பழவேற்காடு போன்ற ஊர்களின் சிறு படகுகள், பண்ணை இறாலும் பண்ணைக் கொடுவா மீனும். இவற்றில் எது மலிவு என்பது வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், அலசலைக் காலண்டரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதம் முழுவதும் கேரளத்திலிருந்தும், மங்களூரிலிருந்தும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத் துறைமுகங்களான குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் ஐஸ் போட்ட லாரிகள் சென்னைக்கு வந்துகொண்டிருக்கும். கேரளம் தன் கடற்பகுதியில் இழுவை மடிக்கான தடையை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குவதால், ஜூன் முதல் வாரத்திலும் அங்கிருந்து ஓரளவு சரக்கு கிடைக்கிறது. ஆக, ஜூன் 10 முதல் 14 வரையிலான ஐந்து நாட்களே ஆண்டின் மிக இறுக்கமான நாட்கள். 15ஆம் தேதி விலை இறங்கிவிடும் என்று எண்ணுவதும் சரியாக வராது. ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவை திரும்பும்போது மேற்குக் கரை மூடியிருப்பதால் கேரளத்து வியாபாரிகளும் நம் துறைமுகங்களில் சரக்கு எடுக்க வந்து நிற்பார்கள். ஜூலை முழுவதும் வஞ்சிரமும் வவ்வாலும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகஸ்டில் மேற்குக் கரை திறந்த பிறகே சந்தை உண்மையில் தளர்கிறது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் வீட்டுச் சமையலறைகளில் மீன் குறைந்துவிடுவதால், நல்ல சரக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கும் நான்கு வாரங்கள் வாய்க்கின்றன. அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கைகளும் வந்துவிடும்; அந்த மாதங்களில் விலையை முன்கூட்டிக் கணிப்பது வீண் வேலை.

காசிமேட்டு ஏலத்தின் பலம், இடைத்தரகு இல்லாத விலை. அதன் பலவீனம், எடை போட்டு விற்காத ஏலம். கூடையாகவோ குவியலாகவோ விலை கேட்கப்படும்போது எத்தனை கிலோ தேறும் என்பதைக் கண்ணால் அளக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்க வேண்டும். கையில் ரொக்கமும் வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவு தொடங்கி ஞாயிறு காலை வரை வீட்டுக்கு வாங்குபவர்களின் கூட்டமே விலையை ஏற்றிவிடும் என்பதால், உணவகத்துக்காரர் வார நாட்களின் பின்னிரவில் போவதே நல்லது. பலருக்குத் தெரிந்தும் மறந்துபோகும் செய்தி ஒன்றுண்டு: காசிமேட்டு மீன் எல்லாமே அன்று பிடித்த மீன் அல்ல. பல நாள் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகில் முதல் நாள் விழுந்த மீன் ஐஸ் அறையின் அடியிலும் கடைசி நாள் விழுந்தது மேலேயும் இருக்கும். ஒரே படகு, ஒரே இனம், ஒரே அளவு, ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வாரத்து வயது வித்தியாசம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஏலம் கேட்பவர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கிறார். கணவாய் வகையைச் சேர்ந்த கடம்பாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: புதிதாக இருக்கும்போது சதை வெள்ளையாகவும் மேல்தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகவும் இருக்கும், பழசாகப் பழசாக அந்த நிறம் கரைந்து சதையே இளஞ்சிவப்பாகிவிடும்.

மொத்த வியாபாரி கிலோவுக்குக் கூடுதலாக வாங்குவார். அதற்கு ஈடாக எடை போட்டுத் தருவார், கேட்ட அளவில் வெட்டித் தருவார், வாரக் கடன் தருவார், நீங்கள் கேட்ட இனம் இல்லையென்றால் முந்தைய இரவே சொல்லிவிடுவார். தடைக்காலத்தில் இவருடைய மதிப்பு கூடுகிறது, ஏனெனில் மேற்குக் கரைச் சரக்கு பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் வருகிறது. அயிலை, மத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள் லாரிப் பயணத்தில் விரைவாகக் கெடக்கூடியவை என்பதால், அவற்றைத் தொலைவிலிருந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வஞ்சிரம், பாறை, சூரை போன்ற பெரிய மீன்கள் ஐஸ் சரியாக இருந்தால் தாங்கும். மீன் எடைக்குச் சம எடை ஐஸ் என்பதே வெப்ப நாட்டுக்கான கணக்கு. பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் கரைந்து வெறும் தண்ணீரில் மீன் மிதந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம். மீன் கெடாமல் இருக்கப் பார்மலின் என்ற இரசாயனம் கலக்கப்படுவதாக 2018இல் பரபரப்பு எழுந்தது; அதைக் கண்டறியும் சோதனைத் தாள்களைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. தொலைதூரச் சரக்கை வழக்கமாக வாங்கும் சமையலறையில் அப்படி ஒன்று இருப்பது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

சிறு படகு மீன் இவை எல்லாவற்றிலும் புதியது, அளவில் மிகக் குறைவு. விடிகாலையில் போய்க் காலையிலேயே கரை திரும்பும் பைபர் படகில் நெத்திலி, கிழங்கான், சங்கரா, நண்டு என்று கலந்து வரும். இன்று பத்துக் கிலோ நெத்திலி கொடுத்தவர் நாளை இரண்டு கிலோ கொடுப்பார். அச்சடித்த உணவுப் பட்டியலை மாற்ற முடியாத உணவகத்துக்கு இது ஒத்துவராது. பழவேற்காட்டு நண்டு மட்டும் தனிக் கதை. காலும் கொடுக்கும் முழுமையாக இருக்கும் உயிருள்ள பெரிய களி நண்டுகளை ஏற்றுமதியாளர்கள் எடுத்துக்கொள்வதால், அவற்றின் விலை சிங்கப்பூர்ச் சந்தையைப் பார்த்து நிற்கிறது. கொடுக்கு உடைந்த நண்டு கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். முழு நண்டைத் தட்டில் அலங்கரிக்கும் உணவகம் முதல் வகைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்; நண்டு ரசமும் நண்டு மசாலாவும் போடுபவர் இரண்டாவதை எடுத்தால் போதும், சுவையில் குறை இல்லை.

பண்ணைச் சரக்கின் நாடித்துடிப்பு கடலில் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் குஞ்சு விட்ட வனாமி (பண்ணைகளில் வளர்க்கும் இறால் வகை) குளங்கள் மே, ஜூனில் அறுவடைக்கு வருவதால், கடல் இறால் அருகிப்போகும் அதே நேரத்தில் வளர்ப்பு இறால் தாராளமாகக் கிடைக்கிறது. விலை கவுன்ட் கணக்கில் பேசப்படும். கிலோவுக்கு 40 இறால் நிற்பது 40 கவுன்ட், எண் கூடக் கூட விலை இறங்கும். வறுவலுக்கு 40, தொக்குக்கும் பிரியாணிக்கும் 70, 80 கவுன்ட் போதும். இந்த விலையை முடிவுசெய்வது ஏற்றுமதி: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான சுங்க வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது குளக்கரை விலை அடிவாங்கியது, உள்ளூர் வாங்குபவருக்கு அது சாதகமாயிற்று. கொடுவாவைப் பொறுத்தவரை, ஒரு கிலோ அளவிலான மீனை முழுதாகப் பொரித்துத் தரும் உணவகங்களுக்குப் பண்ணை மீனின் ஒரே சீரான அளவு வசதியானது. ஆனால் உப்புக் குறைந்த குளத்து மீனில் சேற்று வாடை தங்கியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு மீனை மசாலா இல்லாமல் வேகவைத்துச் சுவைத்துப் பார்த்த பிறகே மீதியை எடுக்க வேண்டும்.

இவற்றைக் கிலோ விலையில் ஒப்பிடுவது ஏமாற்றும். வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தலையும் குடலும் வாலும் போக முக்கால் பங்கு துண்டாகத் தேறும். 120 கிராம் துண்டு ஒன்றுக்கு 160 ரூபாய் ஆகிறது. அதே மீன் தடைக்காலத்தில் 1,400 ரூபாய் ஆகும்போது துண்டு 224 ரூபாய். இறால் கிலோ 400 ரூபாய் என்றால், தலையும் ஓடும் நீக்கியபின் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆயினும் 100 கிராம் சதைக்கு 75 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. தடைக்காலத்தில் வஞ்சிர வறுவலின் விலையை ஏற்றத் தயங்குகிற உணவகம், ஒவ்வொரு துண்டிலும் 64 ரூபாயைத் தன் கையிலிருந்து போடுகிறது.

என் தேர்வு இரண்டு வழிகளைச் சேர்த்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 9 வரை பெரிய மீனுக்கு ஒரே மொத்த வியாபாரியும், இறாலுக்குக் கவுன்ட் விலை பேசிய பண்ணையும் போதும். ஜூன் 10 முதல் 14 வரையிலான அந்த ஐந்து நாட்களுக்கு வஞ்சிரத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, கிடைத்த மீனை இன்றைய மீன் என்று கரும்பலகையில் எழுதி விற்கலாம். ஆகஸ்டிலிருந்து புரட்டாசி முடியும் வரை காசிமேட்டுக்கு ஆள் அனுப்பும் செலவு திரும்பக் கிடைக்கும், அதுவும் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோவாவது எடுக்கும் சமையலறைக்கு. அதற்குக் குறைவாக எடுப்பவர்கள், ஆட்டோ வாடகையும் ஆள் கூலியும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் வானகரத்திலேயே வாங்கிவிடலாம்.