வெடித்த 3.0 எஞ்சினுக்குப் பதில் எதைப் போடுவது?

ஏப்ரல் கடைசியில் படகின் தார்ப்பாயைக் கழற்றி, குழாய்த் தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. டோர்ச் அடித்துத் தேடினால் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. குற்றம் என்னுடையதுதான். ஒக்டோபரில், குளிர்காலத்துக்கு முன் எஞ்சினின் தண்ணீரை வடிக்க வடிகால் திருகைக் கழற்றியபோது தண்ணீர் வரவில்லை. காலியாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் பூட்டிவிட்டேன். உண்மையில் துருப்பொருக்கு துளையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தியிருந்தால் முடிந்திருக்கும். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு இழுபடாது.

படகு 1994ஆம் ஆண்டு செய்தது, 18 அடி, ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓடுவது. எஞ்சின் மெர்குரூசர் 3.0 லீற்றர், பின்னால் ஆல்ஃபா வன் டிரைவ், அதாவது புரொப்பெல்லரைச் சுற்றும் கியர்க்கால். கார்க் கம்பெனி ஜி.எம். வார்த்த நாலு சிலிண்டர், 181 கன அங்குலம். 1962இல் ஷெவி டூ காரில் வந்த சின்ன எஞ்சினின் வம்சம்தான். வட அமெரிக்க ஏரிகளில் நிற்கும் பழைய உல்லாசப் படகுகளில் இந்தச் சோடி ஏராளம். அதனால் என் கணக்கு பலருக்கும் பொருந்தும்.

என் முன்னால் நாலு வழி இருந்தது: அதே எஞ்சினின் மறுசீரமைத்த லோங் பிளாக் (வெளிப்பாகங்கள் இல்லாத எஞ்சின்), பழைய வேனிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் 4.3 வி6, பெட்டியோடு வரும் புது எஞ்சின், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பின்னால் வெளியே தொங்கும் ஒரு அவுட்போர்ட் எஞ்சின். மின்சார மோட்டாரையும் ஒருவர் சொன்னார். மெதுவாக ஊரும் படகுக்கு அது சரி. தண்ணீர்மேல் எழும்பி ஓடுகிற படகு வேண்டிய பற்றரியைச் சுமந்துகொண்டு எழும்பாது. வெடிப்பை எபொக்சியால் பூசலாம் என்றவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. ஆயிலுக்குள் தண்ணீர் போனால் வெடிப்பு உள்ளேயும் இருக்கிறது என்றுதானே பொருள்.

நண்பரின் தம்பி ஒருவர் கடல் எஞ்சின் வேலை செய்பவர். அவரிடம் படங்களை அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. "அண்ணை, எஞ்சினை விடுங்கோ. பின்சுவரைத் தட்டிப் பாத்தனீங்களோ?"

என்னுடையதைப் போன்ற ஸ்டெர்ன் டிரைவ் படகில் எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே, நடுவில் ட்ரான்ஸம் என்ற பின்சுவர். வெளியே ஃபைபர், உள்ளே ஒட்டுப்பலகை. டிரைவுக்கு வெட்டிய ஓட்டையின் ஓரத்தால் தண்ணீர் ஊறினால் பலகை உள்ளுக்குள்ளேயே சோறாகக் குழையும், வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் சாணுக்குச் சாண் தட்டினேன். நல்ல இடத்தில் 'டக்' என்று இறுகிய ஓசை, உக்கிய இடத்தில் 'தொப்'. எனக்கு எல்லாமே 'டக்'. பின்சுவரும் எஞ்சின் உட்காரும் நீளக்கட்டைகளும் உக்கியிருந்தால் எந்த எஞ்சினும் வீண் செலவு. டிரைவும் பார்க்கவேண்டும். கியர் ஆயிலில் தண்ணீர் இல்லை, டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் கையால் சுற்றும்போது கரகரக்கவில்லை. ஆக, என் படகில் செத்தது எஞ்சின் மட்டும்.

இனி வழிகள். வேன் எஞ்சின் விலையில் எல்லாவற்றையும் அடித்துவிடும். ஷெவி அஸ்ட்ரோ வேன்களில் 4.3 கிடக்கிறது, படகுகளில் போட்ட வி6-உம் அடிப்படையில் அதுதான். 135 குதிரைவலு 190 ஆகுமே என்று எனக்கும் நாக்கில் நீர் ஊறியது. ஆனால் கார் எஞ்சினை அப்படியே இறக்க முடியாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். காருக்குக் கீழே அது பறந்துவிடும், படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அதனால்தான் ஸ்டார்ட் பண்ணமுன் ஆவியை வெளியே தள்ளும் புளோவர் விசிறியை நாலு நிமிடம் போடச் சொல்கிறார்கள். கடல் வகை ஸ்டார்ட்டரும் அல்ட்டனேற்றரும் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. கார் வகையில் அந்தக் காவல் இல்லை. காபரேற்றர் நிரம்பி வழிந்தால் படகில் பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே விழவேண்டும், வெளியே சிந்தக்கூடாது. இவற்றோடு ஃப்ரீஸ் பிளக், ஹெட் காஸ்கெட், மானிஃபோல்ட் எல்லாம் மாற்றவேண்டும். அத்தனையும் வாங்கிய பிறகும் தொல்லை தீராது. நாலு சிலிண்டரின் டிரைவில் கியர் விகிதம் ஏறக்குறைய 2:1, வி6-க்கு 1.84:1. எஞ்சின் மவுண்டும் வேறு, வி6-இன் இரண்டு பக்கப் புகைபோக்கிக்கு, பின்சுவரின் உள்பக்கத் தட்டில் உள்ள குழாயும் வேறு. பின்பாரம் இருநூறு பவுண்ட் கூடும். மலிவு என்று தொடங்கி டிரைவ்வரை மாற்றி முடிக்கும் வேலை இது. உங்கள் படகில் ஏற்கெனவே 4.3 இருந்து, கடல் பாகங்கள் கைவசம் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

புது எஞ்சின் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2010இலிருந்து அமெரிக்க மாசு விதிகளால் ஸ்டெர்ன் டிரைவ் எஞ்சின்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிஸ்ட் வந்துவிட்டது. அதோடு கணினி, ஃபியூவல் இன்ஜெக்ஷன், புது வயரிங். முப்பது வருடப் படகின் சந்தை விலையைவிட எஞ்சின் விலை கூட. படகு அப்பா வாங்கியது என்றால் செய்யலாம், கணக்குப் பார்த்தால் செய்யமாட்டீர்கள்.

அவுட்போர்ட்தான் உண்மையான போட்டி. ஊரில் வெளியிணைப்பு இயந்திரம் என்று சொல்வார்களே, அதே சங்கதி. மெர்குரியின் 115 நாலு ஸ்ட்ரோக் 163 கிலோதான். என் 3.0-உம் டிரைவும் சேர்ந்தால் 290 கிலோவுக்குக் கிட்ட. எஞ்சின் பெட்டி போன இடத்தில் இரண்டு பேர் இருக்கலாம். நிமிர்த்தி விட்டால் தண்ணீர் தானாக வடியும், என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு வரப்பிரசாதம். உப்புத்தண்ணீரில் ஓடுகிறவர் இதைத்தான் எடுக்கவேண்டும், ஏனென்றால் ஏரித் தண்ணீரையோ கடல் தண்ணீரையோ நேரே பிளாக்குக்குள் உறிஞ்சும் 3.0, கடலில் உள்ளிருந்தே அரிபடும். 1980களின் ஓ.எம்.சி. கோப்ரா டிரைவ் வைத்திருப்பவருக்கும் இதுவே வழி. அந்தக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது, பாகம் தேடியே கோடை முடிந்துவிடும். ஆனால் ட்ரான்ஸம் ஓட்டையை அடைத்து, ஃபைபர் பூசி, பிராக்கெட் பூட்டி, ஸ்டியரிங், கேபிள், மீட்டர் எல்லாம் மாற்றி முடிக்கும்போது டொலர் கணக்கு ஐந்து இலக்கத்தில் நிற்கும். நல்ல டிரைவைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே லோங் பிளாக். பிளாக், கிராங்க், பிஸ்டன், ஹெட், கேம் எல்லாம் பூட்டியே வரும். பழைய மானிஃபோல்ட், காபரேற்றர், ஸ்டார்ட்டர், ஃப்ளைவீல் ஆகியவற்றை மாற்றிப் பூட்டவேண்டியது நம் வேலை. புது எஞ்சினின் பாதி விலைகூட வராது. ஒரு சூட்சுமம்: பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புப்பணம் வெடித்த பிளாக்குக்குப் பொதுவாகக் கிடைக்காது. அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் ஒற்றைத் துண்டா இரட்டைத் துண்டா என்று பார்த்துத்தான் ஓடர் கொடுக்கவேண்டும். அது மாறினால் உங்கள் ஃப்ளைவீலும் ஆயில் சட்டியும் பொருந்தாது.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே, எஞ்சினையும் டிரைவின் தண்டையும் இணைக்கும் கப்ளரும் கிம்பல் பேரிங்கும் மாற்றினேன், பழையவை நன்றாக இருந்தும். பிறகு ஒருநாள் முழுக்க எஞ்சினும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நேர்பார்த்தல். டிரைவைக் கழற்றிவிட்டு, அலைன்மென்ட் கம்பியின் நுனியில் கிரீஸ் பூசி பின்னாலிருந்து விட்டு எடுக்கவேண்டும். கப்ளரின் பல்தடம் கிரீஸில் சுற்றிவர ஒரே ஆழத்தில் விழவேண்டும். முதல்தரம் மேலே மட்டும் விழுந்தது. முன் மவுண்ட் நட்டைக் கால் சுற்று, திரும்ப விடு, திரும்ப எடு. பதினோராம் தடவை கம்பி இரண்டு விரலுக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.