பேண்ட்கேம்ப்: காரைக்குடியில் இல்லாத இசைத்தட்டுக் கடை

காரைக்குடிக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு பழையது. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருவதற்கு முன்பு, அவருடைய தந்தையார் இங்கே நடத்திய ஏவி அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றன. தட்டை விற்பதோடு நிற்காமல் தயாரிக்கவும் வேண்டும் என்ற எண்ணத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் பிறந்தது. என் பள்ளி நாள்களில் கல்லுக்கட்டிப் பக்கத்துக் கேசட் கடையில் பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் நிறைய நாலு நிமிடம் மிச்சமிருந்தால், கடைக்காரரே தம் விருப்பப்படி ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். நான் எழுதிக் கொடுத்த பாட்டுகள் பல மறந்துவிட்டன. அவர் சேர்த்த பாட்டுகள் இன்னும் நினைவிருக்கின்றன.

அந்தக் கடை போய் வெகு காலமாகிறது. அதன் இடத்தை எனக்கு நிரப்பியது பேண்ட்கேம்ப் என்னும் இணைய இசைக்கடைதான். இண்டி ராக், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ராக் இசை, கேட்கும் ஆசை உள்ளவர்களுக்கு, அதுவும் அந்த இசையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு, இதைவிட நல்ல கடையை நான் கண்டதில்லை.

2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தளத்தில் பாடகரோ, குழுவோ, சிறு இசைத்தட்டு நிறுவனமோ தாங்களே ஒரு பக்கம் திறந்து, தாங்களே விலை வைத்து விற்கிறார்கள். பெரும்பாலான ஆல்பங்களை வாங்குமுன் முழுவதும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிவிட்டால் எம்பி3-யாகவோ, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். அதன்பின் இணையம் இல்லாவிட்டாலும் அது நம் கையில் இருக்கும். சில குழுக்கள் விலையை நம்மிடமே விட்டுவிடுகின்றன. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு நூற்றுக்குப் பதினைந்து, இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களுக்குப் பத்து. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி முழுவதும் பாடியவருக்கும் அவரை வெளியிட்டவருக்கும் போகிறது. 2020 மார்ச் மாதம், பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றுபோனபோது, ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் தன் பங்கையே விட்டுக்கொடுத்தது தளம். அந்த வழக்கம் அதன்பின்னும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்தது. நான் பட்டியல் போட்டு வைத்திருந்து அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் வாங்குவேன்.

இவையெல்லாம் கணக்கு. என்னை அங்கே கட்டிப்போட்டது வேறு. ஒவ்வோர் ஆல்பத்தின் அருகிலும் அதை வாங்கியவர்களின் படங்கள் நகக்கண் அளவில் வரிசையாக இருக்கும். சிலர் தமக்குப் பிடித்த பாட்டைக் குறித்து இரண்டு வரி எழுதியும் வைத்திருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அவருடைய அலமாரி முழுவதும் நம் முன்னே விரியும். நம்மிடம் இருக்கும் ஐந்து ஆல்பம் அவரிடமும் இருந்தால், அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஆறாவதைக் கேட்காமல் இருக்க முடியாது. மாதச் சந்தா செயலிகளும் அடுத்த பாட்டைத் தாமாகப் போட்டுத் தருகின்றன, ஆனால் அதை ஏன் போட்டன என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இங்கே காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிதர், 'மூன்றாவது பாட்டின் கடைசி ஒரு நிமிடத்துக்காகவே இதை வாங்கினேன்' என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்காக நானும் காத்திருந்து கேட்கிறேன். கேசட்டின் மிச்ச நாலு நிமிடத்தில் பாட்டுச் சேர்த்தவரின் கையை மறுபடி பிடித்தது போல இருக்கிறது.

தி கிளீன் என்ற குழு எனக்கு இப்படித்தான் கிடைத்தது. நியூசிலாந்தின் தென்பகுதியில் உள்ள டுனீடின் நகரத்தில் கில்கோர் சகோதரர்கள் 1978-இல் தொடங்கிய குழு அது. 1981-இல் ஐம்பது டாலர் செலவில் பதிந்த 'டாலி ஹோ' என்ற ஒரே பாட்டு அந்த நாட்டுத் தரவரிசையில் பத்தொன்பதாம் இடம்வரை ஏறியது. அதை வெளியிட்ட ஃப்ளையிங் நன் நிறுவனம் அந்த ஆண்டுதான் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்திருந்தது. அதே ஆண்டில் நாலே ஒலித்தடங்கள் உள்ள டேப்பில் பதிந்த ஐந்து பாட்டுகள் அடுத்து வந்தன. இரண்டையும் ஒருமுறை கேட்டால் போதும், இண்டி ராக் என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் இயங்குவது என்ற பொருளில் வந்த பெயர், ஒரு வகை ஒலிக்கே பெயராகிவிட்டதற்குக் காரணம் அங்கேயே கேட்கிறது. கிடார் தந்திகள் தேய்த்து வைத்த எவர்சில்வர் போலப் பளிச்சென்று, சற்றுக் கூச்சலோடு ஒலிக்கின்றன. பாடுபவர் சபைக்குப் பாடவில்லை, பக்கத்தில் இருப்பவருக்குப் பாடுகிறார். டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'டாலி ஹோ'வில் துள்ளிக்கொண்டு வரும் அந்தக் கீபோர்டை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ். அவர் யார் என்று தேடிப் போனால் தி சில்ஸ் என்ற இன்னொரு குழு. அங்கிருந்து வேறொன்று. ஒரு சனிக்கிழமை இரவில் நான் டுனீடினில் தெருத் தெருவாக நடந்து வந்தது போல விடிந்தது.

பிறருக்குச் சொல்வதற்கும் இந்தக் கடை தோதானது. அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான், கிடார் வாங்கி வைத்திருக்கிறான், ஆனால் வாய் திறந்து பாடமாட்டான். எங்கள் வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றிலும் ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, அறைகள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடிவிட்டால் தும்முவதற்குக்கூடத் தனியிடம் கிடைக்காது. அவனுக்குக் கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற குழுவின் பக்கத்தை அனுப்பினேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வளர்ந்த வில் டொலேடோ என்ற இளைஞர், வீட்டில் தனிமை கிடைக்காததால் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து பாடிப் பதிந்தார். குழுவின் பெயரே அதிலிருந்து வந்தது. 2010-இல் எண்களையே தலைப்பாக வைத்து அடுத்தடுத்து ஆல்பங்களை இதே பேண்ட்கேம்பில் தாமே வெளியிட்டார். மேட்டடோர் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது 2015-இல். அந்த முதல் பதிவுகளில் குரல் கரகரக்கிறது, ஒலி தெறிக்கிறது, ஆனால் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லும் துணிவு ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, மத்தியான வேளையில், முகப்புக்கு எதிரே நின்ற காரின் கண்ணாடிகள் நாலும் ஏற்றியிருந்தன. உள்ளே அவன் கிடாரைக் குறுக்கே வைத்துக்கொண்டு, கைப்பேசியை முன்னிருக்கையின் முதுகில் சாய்த்து, வியர்க்க வியர்க்கப் பாடிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரைப்பாட்டு தேடி வருபவர்களுக்கு இந்தக் கடை உதவாது. ஊர்ப் பெயரை வைத்துத் தேடும் வசதி இருப்பதால் சென்னைக் குழுக்களைத் தேடிப் பிடிக்கலாம், தி எஃப் 16ஸ் குழுவை அவசியம் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில், தமிழிலேயே பாடும் ராக் குழுக்கள் இங்கே எனக்குக் கிடைத்தவை சொற்பம். விலை பெரும்பாலும் டாலரிலோ பவுண்டிலோ இருக்கும். வினைல் தட்டு வாங்குவதை நான் விட்டுவிட்டேன், கடல் தாண்டி வரும் அனுப்புக் கூலி பல நேரங்களில் தட்டின் விலையையே விஞ்சிவிடுகிறது. முதன்முறை வாங்கும்போது என் வங்கி அட்டை மூன்று தடவை மறுக்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியை வங்கிக் கிளையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எனக்கு உள்ள உண்மையான கவலை வேறு. 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் இந்தத் தளத்தை வாங்கியது, மறு ஆண்டே இசை உரிமம் விற்கும் சாங்டிரேடர் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். கடை இன்னும் பழைய முறையில்தான் நடக்கிறது. ஆனாலும் வாங்கியதை வாங்கிய அன்றே இறக்கி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாலைக் கூடத்தில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். வழுவழுவென்ற சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடித்து, இரண்டு கிடார் இருக்கும் பாட்டில் எது எந்தக் கிடார் என்று தெரியாமல் செய்துவிடும். துணிமணியும் மெத்தையும் அடைத்துக் கிடக்கும் உள்ளறை ஒன்றில் வைத்துக் கேளுங்கள், பேஸ் கிடார் தனியாகப் பிரிந்து வருவது தெரியும். மத்தியானத்தில் வெறும் தரையில் படுத்து ஹெட்போனில் கேட்பது இன்னும் சுகம்.

போன மாதம் அண்ணன் மகன் தன் செலவுக்காசில் முதல் ஆல்பத்தை வாங்கியிருக்கிறான். எந்தக் குழு என்று எனக்குச் சொல்லவில்லை. நான் எதையோ கேட்டுக்கொண்டிருந்தபோது அதன் அருகிலிருந்த படங்களின் வரிசையில் அவன் முகம் இருந்தது. தொட்டேன், அவனுடைய அலமாரியில் நான் பெயரே கேள்விப்படாத ஒரு குழுவும் இருந்தது, அதன் கீழே 'ரெண்டாவது பாட்டு, சித்தப்பா' என்று எழுதியிருந்தான். இரண்டாவது பாட்டிலிருந்துதான் தொடங்கினேன்.