ஆறடித் தொட்டியில் ஏழு வருடம்: ஆஸ்காருக்கு வாய்த்த துணைகளும் வாய்க்காத துணைகளும்

2018 ஜூனில் சென்னை கொளத்தூரில் இரண்டு டைகர் ஆஸ்கார் மீன் குஞ்சுகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம்தான் இருக்கும். பைக்குள்ளிருந்து கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தன.

"எவ்வளவு பெருசாகும் அண்ணே?"

"டேங்க் சைஸுக்குத்தான் சார் வளரும்."

பத்தே மாதத்தில் இரண்டும் ஒன்பது அங்குலம் ஆகிவிட்டன. தொட்டி மட்டும் அதே மூன்றடியில் நின்றது. ஆஸ்கார் என்பது அமேசான் படுகையின் மீன். முழு வளர்ச்சியில் ஓர் அடியைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். இது தெரியாமல் அதன்கூட எந்த மீனை விடலாம் என்று யோசித்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அப்போது என் கண்ணுக்குக் கடைத் தொட்டியில் நீந்தும் குஞ்சின் அளவுதான் தெரியும்.

முதல் பாடம் சக்கர் மீனில் வந்தது. கண்ணாடியில் பாசி பிடிக்காமல் இருக்கட்டும் என்று நாலு அங்குல சக்கர் ஒன்றை விட்டிருந்தேன். 2019 பிப்ரவரியில் ஒரு காலை விளக்கைப் போட்டால், பெரிய ஆஸ்கார் அடியில் சாய்ந்து கிடக்கிறது. வாயிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரின் பக்கத் துடுப்புகளில் தடித்த முள் உண்டு. பயந்தால் அதை விரித்து அப்படியே பூட்டிக்கொள்ளும். குடையை விரித்தபடி சந்துக்குள் நுழைந்த கதைதான்: உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மனைவி ஈரத் துண்டில் மீனைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் குத்தி நின்ற முள் தெரிந்தது. வயர் வெட்டும் சின்ன கட்டிங் பிளையரால் இரண்டு பக்கமும் நறுக்கினேன். நடுவில் மூன்று தடவை மீனைத் தண்ணீரில் விட்டு மூச்சு வாங்க வைக்க வேண்டியிருந்தது. சக்கர் செத்துத்தான் வெளியே வந்தது. ஆஸ்கார் ஒன்பது நாள் எதையும் தொடவில்லை, பத்தாவது நாள் ஒரு பெல்லெட்டை வாங்கியது. உதட்டோரம் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த மீனைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது ஆஸ்காரின் வாய்க்குள் போகுமா, போனால் தொண்டையில் நிற்குமா? புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும் பிக்டஸ் கெளுத்தியையும் இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிட்டேன். அதற்கும் முள் உண்டு, உடம்போ ஒல்லி. ஆஸ்கார் அதை விழுங்கிப் பார்க்காமல் விடாது.

ஏப்ரலில் 6க்கு 2க்கு 2 அடியில் தொட்டி செய்தேன். கணக்குப்படி 680 லிட்டர் பிடிக்கும், நிரப்புவது 620 வரை. தரைத்தளம் என்பதால் அப்பா ஒன்றும் சொல்லவில்லை; மாடியாக இருந்தால் தளம் தாங்குமா என்று வீட்டில் பஞ்சாயத்தே நடந்திருக்கும். இடம் நிறைய இருக்கிறது என்ற தெம்பில் ஆறு சில்வர் டாலர், இரண்டு ஷார்க், ஒரு கிரீன் டெரர் என்று ஒரே மாதத்தில் வாங்கிப் போட்டேன்.

இந்த ஷார்க் கடல் சுறா இல்லை. கடையில் மூன்று அங்குலத்தில் பளபளவென்று விற்பார்களே, அந்தக் கெளுத்தி இனம். ஓட்டலில் பாசா என்று தட்டில் வருவதும் இதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய ஆற்று மீன், அதோடு பயந்தாங்கொள்ளி. யாராவது கதவைச் சாத்தினால்கூடப் பாய்ந்து கண்ணாடியில் முகத்தை முட்டிக்கொள்ளும். மூக்கு எப்போதும் வெள்ளையாகத் தோலுரிந்தே இருந்தது. அது பாயும்போதெல்லாம் ஆஸ்கார்களும் மிரண்டன. பெரிய மீனோடு பெரிய மீனை விட்டால் போதும் என்பது சரியில்லை என்று அப்போது புரிந்தது. ஒரு மீனின் பதற்றம் தொட்டி முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

கிரீன் டெரர் இதற்கு நேர் எதிர். ஈக்வடார், பெரு நாடுகளின் பசிபிக் பக்கத்து ஆறுகளிலிருந்து வருவது. ஐந்து அங்குலம் இருந்தபோதே தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆஸ்காரிடம் வாயோடு வாய் கவ்வி இழுத்தது. ஆஸ்காருக்குச் சண்டை போடவே தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உருவத்தைப் பார்த்து ரவுடி என்று நினைக்கிறோம். வாயில் கொள்வதை விழுங்கும், கொள்ளாததோடு பெரும்பாலும் சமாதானமாகப் போய்விடும். முட்டையிடும் காலத்தில் மட்டும் வேறு முகம். அதை அப்புறம் சொல்கிறேன்.

அந்த வருடம் சென்னையில் இருந்தவர்களுக்கு ஜூன் மாதத்தை நினைவூட்டத் தேவையில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். குடம் தூக்கும் தெருவில் வாரத்துக்கு 200 லிட்டர் மீனுக்காக மாற்றுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மாற்றுவதை இருபது நாளைக்கு ஒருமுறை 60 லிட்டர் என்று குறைத்தேன். எடுத்த தண்ணீர் கழிவறைக்கும் செடிக்கும் போனது.

ஜூலை கடைசியில் சின்ன ஆஸ்காரின் நெற்றியில், கண்ணுக்கு மேலே, குண்டூசி குத்தியது போல மூன்று குழிகள். அடுத்த வாரம் ஐந்து. தலையில் குழி விழும் நோய் ஆஸ்கார் வளர்ப்பவர்களுக்குப் பழக்கமானது. கெட்ட தண்ணீர், சத்தில்லாத தீனி, ஒட்டுண்ணி என்று காரணங்கள் பின்னிக் கிடக்கும். தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து கிட்டில் பார்த்தால், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் 80 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 80 பங்கு) மேல். 40 பி.பி.எம்.முக்குள் வைத்திருக்க வேண்டும், 20 என்றால் இன்னும் நல்லது. தண்ணீரைக் கூட்ட வழியில்லை. அதனால் மீனைக் குறைத்தேன். இரண்டு ஷார்க்கையும் கிரீன் டெரரையும் வாங்கிய கடையிலேயே காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். தீனியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கினேன். நைட்ரேட் மெதுவாக இறங்கியது. மழை வந்து தண்ணீர் மாற்ற ஆரம்பித்த பிறகு குழிகள் தூர்ந்தன. மருந்து எதுவும் போடவில்லை. இந்தத் தொட்டிக்கு எத்தனை துணை என்பதை அதற்குப் பிறகு நான் கண்ணாடியின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. வீட்டுக்கு வாரம் எத்தனை குடம் உபரியாக வரும் என்று பார்க்கிறேன்.

சில்வர் டாலர் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏழு வருடத்தில் எனக்கு வாய்த்த மிக நல்ல துணை அதுதான். தட்டையாக, வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு வளரும். அதன் உயரமே அதற்குக் காப்பு. ஆஸ்காரின் வாயில் அது கொள்ளாது. நடு மட்டத்தில் கூட்டமாகத் திரியும், அடித்தளத்துக்கு உரிமை கொண்டாடாது. அவை வெளியே பயமின்றி நீந்துவதைப் பார்த்துத்தான் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிய ஆஸ்காரும் வெளியே வரும். ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து நடுங்கும், குறைந்தது ஐந்தாறு வேண்டும். செடி வைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், ஒரே ராத்திரியில் காம்பு மட்டும் நிற்கும். எப்படியும் ஆஸ்கார் பிடுங்கிப் போடத்தான் போகிறது.

ஆனால் என் ஆறில் இரண்டு மட்டும் அதிவேகமாக வளர்ந்தன. ஒரு வருடத்தில் மற்ற நான்கும் ஐந்து அங்குலம், இவை இரண்டும் ஓர் அடி. வயிறு சிவப்பு. வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் தொட்டியைப் பார்த்த உடனே, "இது ரூப்சந்த் ஆச்சே, குழம்புக்கு வாங்குவோமே" என்றார். பாக்கு மீன்! குஞ்சில் இரண்டையும் கலந்து வைத்தால் என்னால் இப்போதும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. பாக்கு சாதுவானதுதான். ஆனால் ஆறடித் தொட்டியில் அது திரும்புவதற்கே இடம் போதவில்லை. பண்ணைக் குளம் வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தேன். குழம்பாகியிருக்கலாம். கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் நாள் முழுக்கத் தொட்டிக்கு முன்னால் உட்கார நேரம் கிடைத்தது. ஆஸ்காரில் ஆண் பெண் வெளியே பார்த்துத் தெரியாது. என்னுடையவை ஜோடி என்று மே மாதத்தில்தான் தெரிந்தது. அடியில் போட்டிருந்த கடப்பா கல் துண்டை இரண்டு நாள் வாயால் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்தன. மூன்றாம் நாள் அதன்மேல் ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டினாற்போல முட்டை, ஆயிரத்துக்குக் குறையாது. அந்த நிமிடத்திலிருந்து ஆறடியில் நாலரை அடி அவற்றுக்குச் சொந்தம். சில்வர் டாலர்கள் சம்ப் (தண்ணீரை வடிகட்டும் தனித் தொட்டி) ஓரத்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியைக் குறுக்கே செருகிப் பிரித்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. முதல் ஈட்டு முட்டை பூஞ்சை பிடித்து வெளுத்துப் போனது. இரண்டாவதை அவையே தின்றுவிட்டன. அந்தத் தட்டி இப்போதும் தொட்டிக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. சாதுவான மீன் என்று யார் சொன்னாலும் தட்டி இல்லாமல் ஜோடி ஆஸ்காரோடு வேறு மீனை வைக்காதீர்கள்.

2021இல் கோல்டு செவரம் ஒன்று வந்தது. அதுவும் ஆஸ்காரைப் போலத் தென் அமெரிக்கச் சிக்லிட் குடும்பத்து மீன்தான், எட்டு அங்குலத்தில் நின்றுவிடும். சிக்லிட்டுக்குச் சிக்லிட்டே துணை வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஐந்து அங்குலம் ஆகும்வரை தனித் தொட்டியில் வளர்த்தேன். விடும் நாளில் கல், மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விட்டேன். பழைய எல்லை எது என்று யாருக்கும் தெரியாத குழப்பத்தில் புதிதாக வந்ததை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாள் துரத்தல், அவ்வளவுதான்.

அதே ஆண்டு மறுபடியும் ஒரு சக்கர். இந்த முறை எட்டு அங்குலம். விழுங்கும் பயம் போனது, வேறொன்று வந்தது. ஆஸ்கார் அடியில் சாய்ந்து தூங்கும் மீன். பசித்த சக்கர் ராத்திரியில் அதன் பக்கவாட்டில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். காலையில் செதிலில் வட்டமாக வெளிறிய தடம் இருந்தது. விளக்கணைத்த பிறகு ஒரு துண்டு சுரைக்காயோ வெள்ளரியோ கல்லில் கட்டிப் போட ஆரம்பித்தேன், தடம் நின்றது. வளர்க்க முடியாவிட்டால் கடையில் கொடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள். நம் ஏரிகளில் வலை போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த மீனைப் பற்றி நல்ல வார்த்தை வராது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனபோது, பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியைத் தாண்டவில்லை. குவளையில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். முதலில் மேலே வந்து வாயைத் திறந்தவை சில்வர் டாலர்கள், இரண்டு போய்விட்டன. சக்கர் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. ஆஸ்கார்கள் அசையாமல் அடியில் கிடந்தன. வெள்ளக் காட்டின் ஆக்சிஜன் குறைந்த தண்ணீருக்குப் பழகிய இனம், குறைந்த காற்றில் தாக்குப் பிடிக்கும். அதனால் ஆஸ்காரைப் பார்த்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. துணை மீனைப் பாருங்கள்.

ஃப்ளவர்ஹார்னைக் கூட விடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் விடமாட்டேன், அது தனியாக இருக்க வேண்டிய மீன். ரெட் டெயில் கேட்ஃபிஷ் பற்றிக் கேட்டால், அது ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து உங்கள் ஆஸ்காரையே விழுங்கும் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

சின்ன ஆஸ்கார் 2024இல் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தது. இப்போது தொட்டியில் தழும்பு உதட்டோடு பெரியது, இரண்டு பழைய சில்வர் டாலர், புதிதாகச் சேர்த்த நான்கு, செவரம், சக்கர். ஜோடி போன பிறகு பெரியது இன்னும் சாதுவாகிவிட்டது. தரையைச் சலித்துத் தின்னும் ஜியோஃபேகஸ் நாலைந்து விடலாம் என்று ஆசை. அதற்கு மணல் வேண்டும், என் தொட்டியில் இருப்பதோ ஜல்லி. அறுபது கிலோ ஜல்லியை அள்ளிப் போடும் வேலைக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை அமையவில்லை.