புரட்டாதியில் பறவை பார்க்க: ஹோர்ட்டன் சமவெளியா, கித்துல்கலயா?

கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் வீதியில் சுமார் 90 கிலோமீற்றரில் கித்துல்கல வந்துவிடும். அங்கேயே இறங்கிவிடுவதா, இன்னும் நான்கு மணி நேரம் மேலே ஏறி ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதா? இதற்கு விடை சொல்வது காட்சியழகு அல்ல, விடியற்காலைதான். பறவைகள் தாராளமாக வெளியே வருவது காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் காட்டுக்குள் நிற்பீர்களா, வான் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பீர்களா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

ஹோர்ட்டன் 1988 முதல் தேசியப் பூங்கா. உயரம் 2,100 மீற்றருக்கு மேல். உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பு, பேக்கர் நீர்வீழ்ச்சி இரண்டையும் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நின்று பார்த்து நடந்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், ஒன்பது, பத்து மணிக்குள் கீழிருந்து எழும் மூடுபனி உலக முடிவை மறைத்துவிடும். அதனால் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். பறவைகளுக்கும் அதே நேரம்தான் நல்ல நேரம். இரண்டையும் முழுதாகப் பெற முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு வரிசையை வகுக்க வேண்டும்.

நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. வாயில் திறக்கும் 6 மணிக்கே பட்டிப்பொலப் பக்கமாக நுழைந்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னுக்குப் போகும் வீதியோரத்தில் உள்ள சிறு குளத்தருகே இறங்குங்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவி, வழிகாட்டிகள் சொல்லும் அரெங்கா, அரை இருட்டில்தான் நீரோரம் வரும். வெளிச்சம் ஏறி வாகனங்கள் வரிசையாக வரத் தொடங்கினால் புதருக்குள் போய்விடும். அதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்; கிடைக்காவிட்டால் பிடிவாதம் வேண்டாம். பிறகு நேரே உலக முடிவுக்கு நடந்து, 8.30 அளவில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மெதுவாக வாருங்கள். மஞ்சள் காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கல்நீல ஈபிடிப்பான் ஆகியவை அவ்வளவு கூச்சப்படாதவை; காட்டோரத்தில் பதினொரு மணிக்கும் தென்படும். ஓடைக்கல்லில் வாலை ஆட்டும் சாம்பல் வாலாட்டி வலசை வந்தது. புரட்டாதியில் முதலில் வந்துசேர்பவற்றில் அதுவும் ஒன்று.

ஆனால் நள்ளிரவில் கொழும்பை விட்டுப் புறப்பட்டு, பறவை பார்த்துவிட்டு அன்றே திரும்பும் திட்டத்தை நாம் ஆதரிக்க மாட்டோம். தூக்கமில்லாத சாரதிக்கு ஹட்டன் வளைவுகளும் மூடுபனியும் ஆபத்து. முதல்நாள் நுவரெலியாவிலோ பட்டிப்பொலயிலோ தங்குங்கள். தங்க முடியாதென்றால் ஹோர்ட்டனை விட்டுவிடுங்கள்.

அப்போது கித்துல்கலதான். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டால் விடியுமுன் போய்ச் சேரலாம். மலையடிவார மழைக்காடு, ஏற்றம் குறைவு, வியர்வை அதிகம். களனி கங்கையைக் கடந்துதான் நல்ல காட்டுக்குள் போக வேண்டும். இரவு மழையில் ஆறு பெருகியிருந்தால் ஓடத்தில் ஏறாதீர்கள். இங்கே பார்க்கும் முறையே வேறு. நடந்து தேடுவதைவிட ஓரிடத்தில் நின்று காத்திருப்பது பலன் தரும். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடி வரும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் இடைவிடாத சத்தம்தான் அறிகுறி. கூட்டம் வந்தால் பத்து நிமிடத்தில் ஐந்தாறு இனம், வராவிட்டால் ஒரு மணி நேரம் வெறும் இலைகள். பச்சை அலகுச் செண்பகத்தைக் காண்பதற்கு முன் கேட்பீர்கள். எண்ணிக்கைக்காக வருகிறவர்களுக்குக் கித்துல்கல நல்லது. திறந்த வெளியில் நிம்மதியாகப் பார்க்க விரும்பும் புதியவர்களுக்கு ஹோர்ட்டன்.

நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சிலர் கேட்பார்கள். மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் போவது நடைக்கு அருமை. பறவைக்கு மூன்றாமிடம், மேட்டில் காற்று பலமாக அடித்தால் சிறு பறவைகள் தலைகாட்டாது.

கொண்டுபோக வேண்டியதிலும் இரண்டும் வேறு. ஹோர்ட்டனில் சராசரி வெப்பமே சுமார் 13 பாகை செல்சியஸ். காற்றுத் தடுக்கும் மேலாடை வேண்டும். பொலித்தீன் உறைகளை வாயிலில் கழற்றச் சொல்வார்கள், ஆகவே சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். மரை மானுக்கு ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். கித்துல்கலயில் எதிரி இரத்தம் குடிக்கும் அட்டை. சவர்க்காரம் பூசினாலும் ஓடையில் இறங்கியதும் கழுவுப்பட்டுவிடும். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைதான் நிலைக்கும். வண்டியில் ஏசி போட்டு வந்தால் காட்டின் ஈரக்காற்றில் தொலைநோக்கிக் கண்ணாடி வியர்த்து, முதல் கால்மணி நேரம் எதுவும் தெரியாது. ஆகவே கடைசி அரை மணி நேரம் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறவுங்கள். தொலைநோக்கி 8×42 ஆக, அதாவது 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்கண்ணாடியும் உள்ளதாக இருக்கட்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 காட்டு நிழலில் இருட்டாகவே காட்டும்.

ஐப்பசி நெருங்க நெருங்கப் பிற்பகல் இடிமழை கூடும். எந்த இடமானாலும் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஹோர்ட்டனின் புல்வெளியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை.